கிராம்புத் தைலம்

மலர்வதற்கு முன்பே பறித்து உலர்த்திய மொட்டுதான் கிராம்பு. கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளைவதற்குப் புவிசார் குறியீடே உண்டு. நல்ல கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் எண்ணெய்தான். இத்தனை சிறிய மொட்டுக்குள் இவ்வளவா என்று எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்னும் வேதிப்பொருள். பாக்டீரியாவின் மேலுறையில் புகுந்து அதைக் குலைக்கும். உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகும். கூடவே நரம்பையும் மரக்கச் செய்யும். சொத்தைப் பல் தெறிக்கும் ராத்திரியில், பஞ்சில் தொட்டு வைத்த ஒரு சொட்டு தரும் நிம்மதி பட்டவர்களுக்குத் தெரியும். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பதும் இதே யூஜினாலைத்தான். அவர் அறையில் அடிக்கடி வீசும் வாசனை அதுவே.

ஆனால் கிருமியின் உறை, நம் செல்லின் உறை என்று அது பேதம் பார்ப்பதில்லை. செறிவு கூடினால் ஈறு புண்ணாகும். சிறு குழந்தை சில மில்லி விழுங்கினாலே கல்லீரல் பழுதாகலாம். பாட்டிலைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். வலி அடங்கினாலும் மறுநாள் பல் மருத்துவரைப் பாருங்கள்.