முன்னே ஏறுவது எது? ரூபி நிரல்மரபில் கோப்பு வரிசை

ரூபி மொழியில் ‘கிளாஸ்’ என்று தொடங்கும் வரியும் ஓடும் வரிதான். ஜாவாவில் பழகி வந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை. அங்கே கம்பைலர் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து, எந்தக் கிளாஸுக்கு எது தாய் என்று தீர்த்து வைத்துவிடும். ரூபியில் அப்படி முன்கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. மேலிருந்து கீழாக, ஒரு கோப்பு முடிந்து அடுத்தது என்று ஓடிக்கொண்டு போகும்போதுதான் கிளாஸ்களும் மாட்யூல்களும் ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. ‘டாக்குமென்ட்’ என்ற கிளாஸின் வாரிசாக ‘இன்வாய்ஸ்’ என்று ஒன்றை எழுதினால், அந்த வரி ஓடும் நேரத்தில் டாக்குமென்ட் ஏற்கெனவே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘அன்இனிஷியலைஸ்டு கான்ஸ்டன்ட்’ என்ற பிழையோடு நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அதே பெயர் ஒரு மெத்தடுக்குள்ளே இருந்தால் அவசரம் எதுவும் கிடையாது. அந்த மெத்தடை யாராவது அழைக்கும் வரை ரூபி அந்தப் பெயரைத் தேடவே தேடாது.

கோப்பு வரிசையைப் பற்றி ரூபிக்காரர்கள் போட்ட சண்டை, வகுத்த வழக்கம், எழுதிய கருவி எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைத்தவைதாம். யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-இல் இந்த மொழியை வெளியிட்டபோது, கோப்புகளை எப்படி அடுக்க வேண்டும் என்று கட்டளை எதுவும் போடவில்லை. போடாமல் விட்ட இடத்தில்தான் இத்தனை வழிகள் முளைத்தன.

இன்னொரு குணமும் இதோடு சேர்கிறது. ரூபியில் எந்தக் கிளாஸும் ஒரு கோப்புக்கு மட்டும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும், எந்தக் கோப்பிலிருந்து வேண்டுமானாலும் அதைத் திறந்து மெத்தடைச் சேர்க்கலாம், மாற்றலாம். இந்தச் சுதந்திரம் வரிசையோடு மோதும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இன்வாய்ஸ் கிளாஸில் ஒரு மெத்தடைத் திருத்துவதற்காகத் தனியாக ஒரு கோப்பு எழுதுகிறோம். தாய்க்கிளாஸின் பெயரைப் போடாமல் ‘கிளாஸ் இன்வாய்ஸ்’ என்று மட்டும் திறக்கிறோம். இந்தத் திருத்தக் கோப்பு மூலக் கோப்புக்கு முன்னால் ஏறிவிட்டால், ரூபி எதையும் திறப்பதில்லை. அந்தப் பெயரில் புதிதாக ஒரு கிளாஸையே உண்டாக்கிவிடுகிறது. பிறகு மூலக் கோப்பு வந்து ‘இது டாக்குமென்டின் வாரிசு’ என்கிறது. உடனே ‘சூப்பர்கிளாஸ் மிஸ்மேட்ச்’ என்று பிழை. இதாவது கண்ணுக்குத் தெரிகிற விபத்து. மூலக் கிளாஸுக்குத் தனித் தாய்க்கிளாஸ் இல்லையென்றால் பிழைகூட வராது. நம் திருத்தத்தின் மேலேயே மூல மெத்தட் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பு ஏறியிருக்கும், திருத்தம் மட்டும் இருக்காது.

இதற்கெல்லாம் முதலில் வந்த மருந்து ரிக்வயர். லோட் என்ற கட்டளை, அழைக்கும் போதெல்லாம் கோப்பை மறுபடி ஓட்டும். ரிக்வயர் அப்படியில்லை. ஏறிய கோப்புகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும், முதல் தடவை ஓட்டிவிட்டு ‘ட்ரூ’ என்று சொல்லும், அடுத்த தடவை ‘ஃபால்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். கோப்பைத் தேடுவது லோட் பாத் என்கிற கோப்புறை வரிசையில். ஆரம்பத்தில் நாம் நிற்கும் கோப்புறையும் அந்த வரிசையில் இருந்தது. 2010-இல் வந்த 1.9.2 பதிப்பில், பாதுகாப்பைக் கருதி அதை நீக்கினார்கள். அதுவரை சிரமமில்லாமல் ஓடிய பல நிரல்கள் பக்கத்திலேயே இருக்கும் கோப்பைக் காணோம் என்றன. தான் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டுத் தேடும் ரிக்வயர்-ரிலேட்டிவ் அந்தக் குறையைத் தீர்த்தது. ஒரு திட்டத்துக்குள்ளேயே இருக்கும் கோப்புகளை அழைக்க இன்றும் அதுதான் சரியான கருவி.

இந்த வழியின் ஒழுக்கம் எளிமையானது. ஒவ்வொரு கோப்பும் தனக்குத் தேவையானதைத் தானே கேட்டு வாங்க வேண்டும். முன்னால் யாரோ ஏற்றியிருப்பார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது. மரபுகளில் மூத்தது இது, என் மதிப்பில் இன்றும் நேர்மையானது. கோப்பைத் திறந்தவுடன் அது எதை நம்பி நிற்கிறது என்பது முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். இதன் பலவீனம் சுழற்சி. ‘அ’ என்ற கோப்பு ‘ஆ’வைக் கேட்கிறது, ‘ஆ’ திரும்பி ‘அ’வைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பதால் ரூபி இரண்டாவது கேள்வியை அப்படியே விட்டுவிடும். ‘ஆ’வின் கண்ணுக்குப் படுவது பாதி கட்டிய ‘அ’. எச்சரிக்கைகளை இயக்கி ஓட்டினால்தான் ரூபி இதைச் சொல்லும், இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. அதனால் எந்தத் திட்டத்தையும் ஒரு தடவையாவது எச்சரிக்கைகளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

அலுப்பில் பலர் இந்த ஒழுக்கத்தைச் சுருக்கினார்கள். ஒரு கோப்புறையில் இருப்பதையெல்லாம் டிர்-குளோப் கொண்டு அள்ளி, வரிசையாக ரிக்வயர் செய்துவிடுவது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை அகரவரிசையிலேயே தரும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அப்படித் தருவதில்லை. எழுதியவரின் மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல் சர்வரில் விழுந்ததற்குப் பல இடங்களில் இதுவே காரணம். 2020 டிசம்பரில் வந்த ரூபி 3.0 தான் குளோப் முடிவுகளைத் தானே வரிசைப்படுத்தித் தரத் தொடங்கியது. அதனால் எல்லாக் கணினியிலும் ஒரே வரிசை கிடைத்தது. அகரவரிசை நமக்கு வேண்டிய வரிசையாகவும் இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

ஜெம்கள் எனப்படும் ரூபி நிரல் தொகுப்புகளின் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2003-இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் நடந்த ரூபி மாநாட்டில் உருவெடுத்து, 2004 மார்ச் 14 அன்று வெளியானது ரூபிஜெம்ஸ். ஒவ்வொரு ஜெம்மின் ‘லிப்’ கோப்புறையும் எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே லோட் பாத்தில் போய்ச் சேர்கிறது. ஆகவே லிப் கோப்புறையின் மேல்மட்டத்தில் ஜெம்மின் பெயரில் ஒரு கோப்பு, அதே பெயரில் ஒரு கோப்புறை, இவை இரண்டு மட்டுமே இருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. ‘யூட்டில்ஸ்’ என்று ஒரு கோப்பை மேல்மட்டத்தில் போட்டு வைத்தால், நாம் கேட்கும்போது வேறொருவருடைய யூட்டில்ஸ் வந்து நிற்கக்கூடும். மாட்யூல் பெயருக்கும் இதே நியாயம்தான். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் எல்லா நீட்சிகளும் ஒரே ரூபி இன்டர்பிரெட்டருக்குள் குடியிருக்கின்றன. தன் நிரல் முழுவதையும் தன் பெயருள்ள மாட்யூலுக்குள் அடக்காதவர் அங்கே அடுத்தவர் நிரலையும் கெடுத்துவிடுவார்.

ஆட்டோலோட் வேறு மாதிரியான வழி. ‘இந்தப் பெயர் தேவைப்பட்டால் இந்தக் கோப்பைத் திற’ என்று முகப்புக் கோப்பில் ஒரு பட்டியல் எழுதிவிடலாம். பெயரை முதன்முதலாகத் தொடும்போது கோப்பு தானே ஏறும். ராக், பண்ட்லர் என்ற ஜெம்கள் இரண்டும் இந்த முறையைத் தாராளமாகக் கையாண்டவை. வரிசையை நாம் தீர்மானிக்கவே வேண்டாம், தேவையே தீர்மானித்துக்கொள்ளும். ஆனால் பல த்ரெட்கள் ஒரே பெயரை ஒரே சமயத்தில் தொட்டால் என்ன ஆகும் என்ற கவலை நெடுநாள் இருந்தது. 2011-இல் மாட்சுமோட்டோவே ஸ்டாண்டர்டு லைப்ரரிகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினார். அத்தோடு இதன் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. முடியவில்லை. த்ரெட் குறைகள் பின்னர் சரிசெய்யப்பட்டன. இன்றைய ரெயில்ஸ் வலைச்சட்டகம் நிற்பதே இதன் மேல்தான்.

ரெயில்ஸின் பழைய ஏற்பாடு வேறு. தெரியாத பெயர் ஒன்று எதிர்ப்பட்டால் ரூபி ‘கான்ஸ்ட்-மிஸ்ஸிங்’ என்ற மெத்தடை அழைக்கும். ரெயில்ஸ் அங்கே குறுக்கிட்டு, பெயரைக் கோப்புப் பெயராக மாற்றித் தேடி எடுத்துவரும். யூசர்ஸ்-கன்ட்ரோலருக்கு ஒரு வரி ரிக்வயர்கூட எழுத வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது. பிசகு மிக நுட்பமான இடத்தில் இருந்தது. ‘அட்மின்’ என்ற மாட்யூலுக்குள் நின்று ‘யூசர்’ என்று எழுதுகிறோம். அட்மினுக்கென்று தனி யூசர் உண்டு, வெளியிலும் ஒரு யூசர் உண்டு. வெளி யூசர் மட்டும் ஏற்கெனவே ஏறியிருந்தால் ரூபி அதையே எடுத்துக்கொள்ளும். பெயர் கிடைத்துவிட்டதால் கான்ஸ்ட்-மிஸ்ஸிங் அழைக்கப்படாது. ஆக, எந்தப் பக்கத்தை முதலில் திறந்தோம் என்பதைப் பொறுத்து ஒரே வரிக்கு இரண்டு பொருள். இந்த மாதிரி இடங்களில் ‘ரிக்வயர்-டிபென்டன்சி’ என்று ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள்.

இதை வேரோடு பிடுங்கியவர் சேவியர் நோரியா. அவர் எழுதிய ட்சைட்வெர்க், கோப்புறைகளைப் பார்த்து, அவற்றில் உள்ள கோப்புகளுக்கு ரூபியின் சொந்த ஆட்டோலோடைப் பதிந்து வைத்துவிடுகிறது. ஊகம் செய்யும் வேலையே இல்லை. பெயரைத் தேடுவது முழுக்க ரூபியின் விதிப்படியே நடக்கும். 2019 ஆகஸ்டில் வந்த ரெயில்ஸ் 6.0 இதை இயல்புநிலை ஆக்கியது. 2021 டிசம்பரில் வந்த 7.0-இல் பழைய முறை அடியோடு போயிற்று. நாம் கொடுக்க வேண்டிய விலை பெயர் ஒழுக்கம். ‘எச்டிஎம்எல் அண்டர்ஸ்கோர் பார்சர்’ என்ற கோப்பில், எச்டிஎம்எல் பகுதியில் ‘எச்’ மட்டும் பெரிய எழுத்தாக உள்ள பெயரைத்தான் அது எதிர்பார்க்கும். நான்கு எழுத்துகளும் பெரியதாக வேண்டுமென்றால் விதிவிலக்காகப் பதிந்து வைக்க வேண்டும். முரண்டு பிடிக்கும் கோப்புகளைக் காட்டிக்கொடுக்க ரெயில்ஸில் ஒரு சோதனைக் கட்டளையும் இருக்கிறது.

இந்த வரலாற்றை எழுதும் பலர் விட்டுவிடும் மரபு ஒன்று உண்டு. 2004-இல் ஜப்பானில் வெளியான ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி, விளையாட்டு செய்கிறவர்களின் கையில் ரூபியைக் கொடுத்தது. நிரல் எழுதத் தெரியாத எத்தனையோ இளைஞர்கள் ரூபியைக் கற்றது அங்கேதான். அதில் ரிக்வயர் பேச்சே எழாது. ஸ்கிரிப்டுகள் ஒரு பட்டியலாக நிற்கும், மேலிருந்து கீழாக ஓடும், கடைசியில் ‘மெயின்’. பிறர் எழுதியதைச் சேர்க்க வேண்டுமானால் மெயினுக்கு மேலே ஒட்ட வேண்டும். பழைய மெத்தடுக்கு ஏலியாஸ் கொண்டு மாற்றுப்பெயர் வைத்து, புதியதற்குள்ளிருந்து பழையதை அழைப்பது அவர்கள் வழக்கம். அப்படிச் செய்யும் பத்து ஸ்கிரிப்டுகளும் அடுத்தடுத்து நிம்மதியாக இருக்கும். பழையதை அழைக்காமல் முழுதாக மாற்றி எழுதும் ஒன்று அவற்றுக்குக் கீழே வந்தால் அத்தனையும் செத்துப்போகும். ஆகவே முழுதாக மாற்றுவதை மேலே வை, ஏலியாஸ் வைப்பதைக் கீழே வை என்று ஒரு விதி அவர்களுக்குள் பரவியது.

எஃப்12 விசையை அழுத்தினால் அங்கே விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இன்டர்பிரெட்டர் அப்படியே இருக்கும், ஸ்கிரிப்டுகள் மட்டும் மறுபடி ஓடும். பட்டியலில் உள்ள கிளாஸ்களுக்கு மூல மெத்தடும் மறுபடி எழுதப்படுவதால் ஆபத்தில்லை. ‘ஸ்பிரைட்’, ‘பிட்மேப்’ போன்ற உள்ளமைந்த கிளாஸ்களுக்கு மூலம் பட்டியலில் இல்லை. அவற்றின் மேல் ஏலியாஸ் இரண்டாம் முறை ஓடும்போது, ‘பழையது’ என்ற பெயர் புதிய மெத்தடையே சுட்டும். அது தன்னைத் தானே அழைத்துக்கொண்டு ‘ஸ்டாக் லெவல் டூ டீப்’ என்று விழும். மறுதொடக்கத்தின்போது ஏலியாஸைத் தாண்டிப் போக ஒரு சிறு நிபந்தனையை அவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். ஒரு கோப்பு இரண்டு தடவை ஓடினால் என்ன ஆகும் என்று அந்த அளவுக்கு யோசித்த நிரலாளர்களைப் பெரிய நிறுவனங்களில்கூடக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

இத்தனை வழிகளையும் அளக்க நான் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல். கோப்பு ஏறும் நேரத்தில் எவ்வளவு வேலை செய்கிறது? கிளாஸையும் மெத்தடையும் வரையறுத்துவிட்டு நிற்கும் கோப்பு எந்த வழியிலும் நன்றாக வாழும். ஏறும்போதே டேட்டாபேஸைத் தொடுவது, சூழல் மாறிகளைப் படித்து முடிவெடுப்பது, இன்னொரு கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கிக் கான்ஸ்டன்டில் வைப்பது என்றிருக்கும் கோப்பை ட்சைட்வெர்க்காலும் காப்பாற்ற முடியாது. ரெயில்ஸின் இனிஷியலைசர் கோப்புறை அகரவரிசையில் ஏறுகிறது. அங்கே கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண்கள் முளைப்பதைப் பார்த்தால், ஏறும்போது செய்யும் வேலை அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சோதிப்பதும் சுலபம். ஜெம்மோ சிறு நிரலோ எதுவானாலும், லிப்பில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் புதிய ரூபி ஒன்றில் தனித்தனியாக ஏற்றிப் பார்க்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். விழுகிற கோப்பு எதைக் கேட்க மறந்தது என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

தீராத ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வாரிசுகள் தாமே வந்து தாய்க்கிளாஸில் பதிந்துகொள்ளும் அமைப்பு பலருக்குப் பிடித்தது. பணம் செலுத்தும் முறை ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ், தாயிடம் கேட்டால் பட்டியல் வரும். தேவைப்படும்போது மட்டும் ஏறும் முறையில் அந்த வாரிசுகளின் பெயரை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள், ஆகவே பட்டியல் காலியாக வரும். புரொடக்‌ஷனில் எல்லாமே முன்கூட்டி ஏறுவதால் பட்டியல் நிறைந்திருக்கும், டெவலப்மென்டில் மட்டும் காலியாகவோ பாதியாகவோ இருக்கும். அந்தக் கோப்புறையை மட்டும் முன்கூட்டியே ஏற்றும்படி ட்சைட்வெர்க்கிடம் சொல்லலாம், அதற்கு வழி இருக்கிறது. நான் அதைவிட, வாரிசுகளின் பெயர்களைத் தாய்க்கிளாஸில் ஒரு மெத்தடுக்குள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்வேன். புதிய முறை ஒன்று சேரும்போது ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டிவரும். மெத்தடுக்குள் இருக்கும் பெயர்கள் என்பதால் எந்தக் கோப்பு முன்னே ஏறினாலும் பட்டியல் மாறாது.