முதற்பதிப்பின் சாட்சியம்

பழைய நூல்களைப் பேணுதல் பழம்பொருள் ஆர்வலரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் அவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஆசிரியப் பணியாற்றிய பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஒரு இலட்சம் அளவில் நூல்களை அங்கே சேர்த்தனர். முதற்பதிப்புகளே அதன் தனிச்சிறப்பு.

முதற்பதிப்பு எதற்கு? பாரதியின் ‘சுதேச கீதங்கள்’ 1908ஆம் ஆண்டு வெளிவந்தபோது சகோதரி நிவேதிதைக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. பாடல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய பிற்காலத் தொகுப்பை மட்டும் படிப்பவர், அச்சிறு நூலில் எப்பாடல்கள் எவ்வரிசையில் நின்றன என்பதை அறியார். முன்னுரையும் காணிக்கையும் உதிர்ந்துபோன நூலைக்கொண்டு ஒரு கவிஞரின் வளர்ச்சியை எடைபோடுதல், சாட்சியைக் கேளாது தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும். ஆதலின் நூற்காப்பைத் திறனாய்வின் முதற்கடமை என்போம்.

அக்கடமையைத் தனிமனிதர் தோள்மீது ஏற்றிவிட்டுப் பாராட்டு விழா எடுப்பது நம் வழக்கமாயிற்று. அண்டையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்கள், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியமையால் சிதறாது தப்பின. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் அமைந்தது. கைகொடுத்தது கடல்கடந்த ஒரு நிறுவனம் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் திருச்சபையும் இக்குறைக்கு விலக்கன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலின் அறியப்பட்ட ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. நம் பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் எந்நிலையில் உள்ளன? ஊர்ப்பெயரும் குடிப்பெயரும் சுமந்தவை அவ்வேடுகள்.

மரக்கூழில் செய்த பழைய தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும். ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை முடிக்கும். ஒளிப்படி எடுத்தல் நன்று. ஆயினும் தாளையும் கட்டையும் மைக்குறிப்பையும் அது முழுமையாகத் தாராது. காற்றோட்டமான அறை, அமிலமற்ற உறை, ஒழுங்கான அட்டவணை, ஆண்டுதோறும் ஒதுக்கும் சிறுதொகை: இவை எந்தப் பங்குக்கும் எட்டாதவையல்ல.

இரு ஆசிரியர்கள் ஒரு வீட்டுக்குள் தொடங்கியதை, ஒரு மறைமாவட்டம் செய்ய இயலாது என்று நாம் எவ்வாறு சொல்வோம்?