ஒளிரும் புரதத்தை எவ்வளவு நம்பலாம்?

இருமல் நின்ற பிறகும் ஏன் ஆறு மாதம் மாத்திரை? மும்பையின் தாராவியில் டி.பி. சிகிச்சையில் இருப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. 1952-இல் புழக்கத்துக்கு வந்த ஐசோனியாசிட் மருந்து பெரும்பாலான கிருமிகளைச் சில நாட்களிலேயே தீர்த்துக்கட்டும். தப்பிக்கும் கொஞ்சத்துக்காகத்தான் மீதி மாதங்கள்.

அவை எப்படித் தப்பிக்கின்றன? வளராமல் முடங்கிக் கிடப்பதால் என்பதே நெடுநாள் விளக்கம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூய்ச்சி வகாமோட்டோவும் நீரஜ் தரும் குழுவினரும் அதை நேரில் பார்க்க முனைந்தார்கள். டி.பி. கிருமியின் உறவான ஸ்மெக்மாட்டிஸை நுண்சில்லில் வளர்த்து, மருந்தை ஓடவிட்டு, ஒவ்வொரு செல்லையும் நுண்ணோக்கியில் தொடர்ந்து படமெடுத்தார்கள். ஐசோனியாசிட் தானாகக் கொல்வதில்லை; கிருமிக்குள் இருக்கும் கேட்-ஜி என்ற நொதிதான் அதை நஞ்சாக்குகிறது. அந்த நொதியோடு ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்தபோது, அது அரிதாக, விட்டுவிட்டுத்தான் உருவாவது தெரிந்தது. அப்படி நொதி உருவான செல்கள் மடிவது அதிகம். எஞ்சிய கூட்டமும் முடங்கவில்லை: சில பிரிந்தன, சில செத்தன, மொத்த எண்ணிக்கை மட்டும் மாறாதிருந்தது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த உண்மை, கோடிக்கணக்கான கிருமிகளைச் சேர்த்து அளக்கும் முறையில் கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு செல்லாகப் பார்க்கும் இந்த உத்தியின் பெருமை அங்கேதான்.

ஆனால் ஒளியை அப்படியே நம்பிவிட முடியாது. ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் உருவத்தைக் காக்கும் எம்.ஆர்.இ.பி. புரதம் சுருளாக ஓடுகிறது என்று பல ஆண்டுகள் படங்கள் காட்டின. அதன் முனையில் ஒட்டிய மஞ்சள் ஒளிர்புரதமே அந்தச் சுருளை உண்டாக்கியது என்று 2012-இல் ஸ்வூலியஸும் ஜென்சனும் நிறுவினார்கள். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, பிற புரதங்களைச் சிதைக்கும் கிளப் (Clp) புரதங்கள் செல்லின் ஓரிடத்தில் திரள்வதும் ஒட்டிய ஒளிர்புரதத்தின் வேலையே என்று காட்டியது. பார்ப்பதற்காகச் சேர்த்த பொருளே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது! ஒளிர்புரதம் ஒட்டாத செல்லோடு ஒப்பிடாத படத்தைச் சான்றாக ஏற்கவே கூடாது.

லோசான் சோதனைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஸ்மெக்மாட்டிஸ் சுமார் மூன்று மணி நேரத்தில் இரண்டாகும், நிஜ டி.பி. கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். சில்லில் ஓடும் திரவம் மனித நுரையீரலும் ஆகாது.

மும்பைக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் சர்ச்சையல்ல. தாராவியை அடுத்த மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையிலிருந்துதான், சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத டி.பி. பற்றிய அறிக்கை 2012-இல் வெளிவந்தது. ஐசோனியாசிட் பலிக்காமல் போவதற்கு முதன்மைக் காரணம் கேட்-ஜி மரபணுவில் ஏற்படும் மாற்றமே. அது கிருமியின் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் தொடரும். நுண்ணோக்கியில் கண்ட தற்காலிகத் தப்பித்தல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சிகிச்சைக் காலத்தைக் குறைக்க இந்தப் படங்கள் போதாது. இருமல் நின்றாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.