உருவமும் எழுத்தும்: ஓர் உரோமைக் குதிரையணி

அணிகலன் ஒன்றை மதிப்பிட முனைவோர் பெரும்பாலும் அதன் வேலைப்பாட்டோடு நின்றுவிடுகின்றனர். அது எப்பணிக்கு உதவியது, யாருடைய பெயரைத் தாங்கியது என்பவற்றையும் வினவினால்தான் மதிப்பீடு நிறைவு பெறும் என்பது நம் கருத்து. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள உரோமைக் குதிரையணி ஒன்றை இந்நோக்கில் காண்போம்.

ஜெர்மனியில் ரைன் ஆற்றை ஒட்டிய க்ஸாண்டன் என்னும் ஊரில் கிடைத்தது இவ்வணி. கி.பி. முதல் நூற்றாண்டில் அவ்வூருக்கு அருகே வேத்தெரா என்னும் பெரிய படைமுகாம் இருந்தது. வட்டத் தகடுகளும் அவற்றோடு இணைந்த தொங்கல்களும் கொண்ட இவ்வணி, செம்புக் கலவை உலோகத்தின்மீது மெல்லிய வெள்ளி பூசிச் செய்யப்பட்டது. வெள்ளியில் கீறிய கோடுகளைக் கறுப்புக் கலவையால் நிரப்பித் திராட்சைக் கொடியும் இலையுமாக அழகுபடுத்தியுள்ளனர். வெண்மைமீது கருமை படரும் அந்த நேர்த்தி இன்றும் கண்ணை நிறுத்துகிறது.

ஆயினும் தகட்டின் முகத்தைவிட அதன் முதுகே நமக்கு மிகுதியாகப் பேசுகிறது. குதிரையின் மார்பைச் சுற்றியும் பின்புறத்தைச் சுற்றியும் செல்லும் தோல்வார்கள் சந்திக்கும் இடத்தில், அவற்றைப் பிணைத்துப் பிடிப்பது இத்தகடே. உரோமைக் குதிரைவீரர்கள் அங்கவடியை அறியாதவர்கள். நான்கு கொம்புகள் கொண்ட சேணத்தை நம்பியே அமர்ந்தவர்கள். அச்சேணம் முன்னும் பின்னும் நழுவாமல் காத்தவை இந்த வார்கள். எனவே அழகு இங்கே பயனோடு பிணைந்து நிற்கிறது. உயிரைக் காக்கும் முடிச்சின்மீதே ஒப்பனை செய்த கலைஞரின் அறிவை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. தொங்கல்களின் நிலை வேறு. அவை எதையும் தாங்கவில்லை. குதிரை நடக்கையில் ஆடி ஒளிர்ந்து, காண்போர் கண்ணைக் கவர்வதே அவற்றின் வேலை.

இனி, உருவத்தையும் எழுத்தையும் பார்ப்போம். தகடு ஒன்றில் ஆண் ஒருவரின் மார்பளவு உருவம் புடைத்து நிற்கிறது. அது பேரரசரைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். மேலும் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளில், குதிரைப்படைத் தலைவர் பிளினி என்னும் பெயர் காணப்படுகிறது. இவரே இயற்கை வரலாற்றை 37 நூல்களாக எழுதி, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கச் சென்று உயிர்நீத்த மூத்த பிளினி என்பர். கி.பி. 112-ஐ ஒட்டிப் பேரரசர் திராயானுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி மடல் எழுதிய இளைய பிளினி, இவருடைய சகோதரி மகன்.

மூத்த பிளினி தம் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். குதிரையணிகளுக்கு வெள்ளி பூசும் கலை கௌல் நாட்டு அலேசியா நகரில் தொடங்கியது என்பதே அது. கி.மு. 52-இல் ஜூலியஸ் சீசர் முற்றுகையிட்டுப் பணியவைத்த நகரம் அது. தோற்றவர்களின் கைத்திறன் வென்றவர்களின் குதிரைகளில் ஒளிர்ந்தது. தலைவரின் பெயர் நிலைத்தது; வெள்ளி பூசிய கைகளின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. இவ்வணியின் அழகில் நாம் காணும் குறை இதுதான்.

வரி பற்றிய வினா எழுந்தபோது, நாணயத்தில் இருந்த உருவத்தையும் எழுத்தையும் சுட்டியே ஆண்டவர் விடை பகர்ந்தார். குதிரையணியைப் பற்றியும் திருமறையில் ஒரு காட்சி உண்டு. தலைமைக் குருவின் நெற்றிப்பட்டத்தில் பொறிக்கப்பட்ட அர்ப்பணச் சொற்கள் குதிரைகளின் மணிகளிலும் பொறிக்கப்படும் நாள் ஒன்றைத் தம் நூலின் இறுதியில் காண்கிறார் இறைவாக்கினர் செக்கரியா. அந்நாளில் வீட்டுச் சமையற் பானையும் பீடத்துக் கலத்துக்கு நிகராகும். அணியை அவர் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதிலுள்ள பெயர் மாற வேண்டும் என்றே விரும்புகிறார். ஆலயத்துக்கு நாம் அளிக்கும் வெள்ளிப் பொருளில் நம் பெயரைப் பொறிக்கச் சொல்லும்போது இக்காட்சியை நினைத்தல் நலம். அப்பெயர் வார்களைப் பிணைக்கும் தகடாகவும் இல்லை. ஆடி ஒளிரும் தொங்கலாகவே நின்றுவிடுகிறது.

வேத்தெரா முகாம் கி.பி. 70-இல் பத்தாவியர் கிளர்ச்சியில் அழிந்தது. இன்று அங்குள்ள ஊர் தாங்கி நிற்பது பேரரசரின் பெயரை அன்று. படைத்தலைவரின் பெயரையும் அன்று. 'புனிதர்களின் அருகில்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களே மருவி க்ஸாண்டன் ஆயின. விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த படைவீரராக மரபு போற்றும் புனித விக்டரின் பேராலயம் அவ்வூரின் நடுவே நிற்கிறது. வெள்ளியில் குத்திய பெயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறைசாட்சிகளின் நினைவோ ஊரின் பெயராகவே வாழ்கிறது.