சீதா எங்கே படுத்தாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஓடிக்கொண்டிருந்தது. ஓரிக்கையில் எங்கள் மாமா வீடு. மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை போய் ஏழு மாசம் ஆகியிருந்தது. புற்றுநோய்ப் படம் என்பதால் சேனலை மாத்தலாமா என்று நான் ரிமோட்டைத் தேடினேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாதிப் படம் போனதும் திடீரென்று கேட்டார்: "இந்தப் பொண்ணு ராத்திரில எங்கடா படுத்துக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தை மூணு தடவை பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுதவும் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். கேமரா, ஒளி, பாட்டு எல்லாம் குறித்திருந்தேன். இந்தக் கேள்வி மட்டும் தோணவே இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1962-ல் ஸ்ரீதர் எடுத்த படம். வேணுவுக்கு (முத்துராமன்) புற்றுநோய். அவனை மருத்துவமனையில் சேர்க்க வருகிறாள் மனைவி சீதா (தேவிகா). அங்கே சிகிச்சை செய்யப்போகும் டாக்டர் முரளி (கல்யாண்குமார்), ஒரு காலத்தில் அவள் காதலித்தவன். தான் செத்துப்போனால் முரளியைக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று வேணு மனைவியிடம் சொல்கிறான். அந்தப் பேச்சு மூன்று பேரையும் ஆட்டிவிடுகிறது. வேணுவைப் பிழைக்க வைத்தே தீருவது என்று முரளி ராப்பகலாக உழைக்கிறான். கடைசியில் நோயாளி பிழைக்கிறான், டாக்டர் சாகிறார். ஏறக்குறைய முழுப் படமும் ஒரு மருத்துவமனை செட்டுக்குள்ளேயே நடக்கிறது. அடுத்த வருஷம் ஸ்ரீதரே இதை இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். வெறும் அழுகைப் படம் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாலு சுவருக்குள் இவ்வளவு பதற்றத்தைக் கட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு.

ஆனால் மாமா கேட்டதற்கு வருவோம். அவர் கேட்டது சினிமாக் கேள்வி இல்லை. அவர் அதில் அனுபவஸ்தர்.

அத்தையை சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பெண்கள் வார்டு. ராத்திரியில் பெண் துணைக்குத்தான் அனுமதி, அதுவும் ஒருத்தர்தான். அத்தை மகள் உள்ளே. மாமா வெளியே. இருபத்திமூணு ராத்திரி. முதல் மூணு நாள் வெளி நோயாளிகள் கட்டடத்து வராண்டாவில். அப்புறம் செக்யூரிட்டி எழுப்பி விரட்டியதால் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி. மழை வந்த ரெண்டு நாள் பஸ் ஸ்டாண்டு. கோரைப்பாய், ஒயர் கூடை, ஒரு பிளாஸ்க், கொசுவத்தி. செல்போனை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு படுப்பார். குளிக்கக் கட்டணக் கழிப்பறை. துவைத்ததைக் காம்பவுண்டுச் சுவர்க் கம்பியில் காயப்போடுவார். அவரைச் சுற்றி அதே மாதிரி நாப்பது அம்பது குடும்பம். திருவண்ணாமலைக்காரர் ஒருத்தர் தார்ப்பாய் கட்டி ஒரு சின்னக் கூடாரமே போட்டிருந்தார். வெளிநாட்டில் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குவதை உல்லாசம் என்கிறார்கள். இங்கே அதையே செய்தால் "இங்கல்லாம் படுக்கக் கூடாது, எழுந்திரு".

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுக் காலையில் போகக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானே கேட்டிருக்கிறேன். தூரம் மட்டும் காரணமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு மைக்கில் நோயாளி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துப் போகணும், சீட்டில் எழுதிய மருந்தை வெளிக்கடையில் வாங்கணும், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளணும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கணும். உள்ளே இருக்கும் பெண் நோயாளியை விட்டு நகர முடியாது. ஆகவே வெளியே ஒருத்தர் வேணும். வெளியே படுத்திருப்பவர் பார்வையாளர் இல்லை. சம்பளப் பட்டியலில் இல்லாத இரவுப்பணி ஊழியர். அவர் படுக்க இடம் கேட்டால் மட்டும் அந்நியர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை வேறு படம் தெரிந்தது. ஸ்ரீதரின் மருத்துவமனையில் எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. நர்ஸ் இருக்கிறார், வார்டு பாயாக நாகேஷ் ஓடுகிறார், டாக்டர் தூங்காமல் படிக்கிறார். அதனால் சீதாவுக்குச் செய்ய வேலையே இல்லை. வரிசையில் நிற்பதில்லை, சீட்டை நீட்டிக்கொண்டு கவுன்ட்டரில் கெஞ்சுவதில்லை. அவள் வேலை துடிப்பது மட்டும். வேணுவின் அறையில் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டில் வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில்கூடப் புகுந்து வருகிறது. ஒளிப்பதிவு மாணவர்கள் இன்றைக்கும் சிலாகிக்கும் ஷாட், நானும் சிலாகித்தவன்தான். ஆனால் கட்டிலுக்கு அடிதானே துணைக்கு வந்தவரின் வீடு! பாய், தட்டு, மாத்துத் துணி, பிளாஸ்க் எல்லாம் அங்கேதான் இருக்கும். பல வார்டுகளில் ஆளும் அங்கேதான் படுக்கும். கேமரா அந்த இடத்துக்குள் நுழைந்தும் அங்கே யாரும் வாழவில்லை.

அது ஸ்டுடியோ படம், பணக்கார ஸ்பெஷல் ரூம், எதற்கு இந்த நச்சரிப்பு என்று கேட்கலாம். நியாயம்தான். யதார்த்தம் இல்லை என்பது என் புகார் இல்லை. படம் துணை இருத்தலை ஒரு மனநிலையாக மட்டும் பார்க்கிறது என்பதுதான் புகார். தியாகம் உண்டு, உடம்பு இல்லை. சீதாவுக்கு முதுகு வலிக்காது. தலைப்பிலேயே ஆலயம் வருகிறது, ஆனால் எந்தக் கோயிலிலும் மண்டபம் என்று ஒன்று இருக்கும், அங்கே வந்தவன் துண்டை விரித்துப் படுக்கலாம். இந்த ஆலயத்தில் கருவறை மட்டும்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். ஆழ்வார் அருளால் ஒரு கிழவி இளமை பெற்றதைக் கேள்விப்பட்ட பல்லவ ராஜா தனக்கும் அது வேணும் என்கிறான். ஆழ்வாரைக் கூட்டி வர மறுத்து, ராஜாவைப் பாடவும் மறுத்த கணிகண்ணனை ஊரை விட்டுத் துரத்துகிறான். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்புகிறார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மூவரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். கச்சி இருண்டுபோகிறது, ராஜா ஓடிவந்து காலில் விழுகிறான், எல்லோரும் திரும்புகிறார்கள், பாய் மறுபடி விரிக்கப்படுகிறது. சொன்னதைக் கேட்டதால் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பேர். அங்கே பெருமாள் வழக்கத்துக்கு மாறாகத் திசை மாறிப் படுத்திருப்பார், போய்த் திரும்பிப் படுத்ததற்கு அடையாளமாம்.

சொல்லாய்வுப்படி இந்தப் பெயர்க்காரணம் நிற்குமா என்பது எனக்கு முக்கியமில்லை. ஊர்க்காரர்கள் எதை ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதுதான் விஷயம். துணைக்குப் போவது பற்றிய கதை இது. ஒருவனுக்காக ஒருவர், அவருக்காக இன்னொருவர். ஆனால் பக்தியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. படுக்கையைச் சுருட்டியதைச் சொல்கிறது, எங்கே தங்கினார்கள் என்று சொல்கிறது, அந்த ஒரு ராத்திரிக்கு ஒரு ஊரையே ஒதுக்கிவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது: பாயைச் சுருட்டினால் ஊர் இருண்டுவிடும் என்பது. வளாகத்தில் படுத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால் காலையில் எத்தனை ரத்த மாதிரி லேபுக்குப் போய்ச் சேரும்?

கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. தினமும் பெருக்கி மெழுகி ஆழ்வாருக்குப் பணிவிடை செய்தவள் அந்தக் கிழவி. இளமை கிடைத்து ராஜாவுக்கு ராணியும் ஆகிறாள், அதோடு சரி. மூவர் கிளம்பிப் போகும் ராத்திரியில் அவள் எங்கே இருந்தாள், என்ன நினைத்தாள் என்று கதை கேட்பதில்லை. பணிவிடை செய்பவளை மறப்பதில் ஸ்ரீதருக்கு நல்ல முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்.

அவளை மறக்காத ஒரு எழுத்து, ஓரிக்கையிலிருந்து பாலாற்றோடு கிழக்கே போனால், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு. கோயிலோடு சேர்ந்த வேதப் பள்ளி, விடுதி, பதினைந்து பேர் படுக்கும் ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்களுக்கு இவ்வளவு, ராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய் இவ்வளவு. மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். அவர்களுக்கும் கூலி உண்டு. அலங்காரமே இல்லாத கணக்குப் பட்டியல். அது எல்லோருக்குமான பொது ஆஸ்பத்திரி இல்லை, பள்ளியையும் கோயிலையும் சார்ந்தவர்களுக்கானது என்பதையும் சொல்லணும். இருந்தாலும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்கு நெல் அளக்கணும் என்று எழுதி வைத்தவர்களுக்கு நம்மைவிடத் தெளிவு இருந்திருக்கிறது.

நம் காலத்தில் இந்த இடைவெளியை யாராவது நிரப்பினால் அது பெரும்பாலும் வியாபாரம். வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றிய தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்கும் லாட்ஜுகளும் அடுப்போடு வாடகைக்கு விடும் அறைகளும் வரிசையாக இருக்கின்றன. மாசக்கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காசு இருந்தால் கூரை. அமெரிக்காவில் ஃபிரெட் ஹில் என்ற கால்பந்து வீரரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, அவரும் மனைவியும் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் தூங்கியதில் தொடங்கித்தான் 1974-ல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் 'ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ்' வந்தது. சென்னையிலும் சில அரசு மருத்துவமனை வளாகங்களில் துணைக்கு வருபவர்களுக்கென்று மாநகராட்சி காப்பகங்கள் நடத்துகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மனப்போக்கு வேறு பக்கம் போகிறது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மன்னிக்க முடியாத செயல், அந்த டாக்டர் பிழைத்தது ஆறுதல். அதற்குப் பிறகு பேச்செல்லாம் கைப்பட்டை, சோதனை, கட்டுப்பாடு பற்றித்தான். பாதுகாப்பு தேவைதான். ஆனால் துணைக்கு வருபவர் தியாகி, இல்லாவிட்டால் சந்தேக நபர். இந்த இரண்டில் ஒன்றாகத்தான் அவர் கண்ணில் படுகிறார். தூக்கம் வரும் ஒரு மனுஷனாக அவர் எந்தச் சுற்றறிக்கையிலும் தென்படுவதில்லை.

இருபத்திமூணாவது ராத்திரி மழை. மாமா பஸ் ஸ்டாண்டில் இருந்தார். மைக்கில் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அத்தை மகள் போன் அடித்தபோது அது மடியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. விடிந்து டீ வாங்கிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. இதைப் பற்றி அவர் பேசியதில்லை. அந்த மதியமும் பேசவில்லை.

படம் முடிந்ததும் நான் இந்த ஓரிரவிருக்கைக் கதையை எடுத்தேன். நம்ம ஊர்க் கதைல சாமியே பாயைச் சுருட்டிக்கிட்டு வருது பாருங்க மாமா என்றேன், ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி. அவர் வெத்தலையை மடித்தபடி யோசித்தார்.

"அவருக்கு இன்னாடா, பாம்புதான் பாயி. எவன் திருடப் போறான்? நான் ரெண்டு பாய் வாங்கனேன்."