படிப்பு ரத்தத்தில் வருவதா?

கல்வி பெறும் ஆண்டுகளில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு சுமார் 40 விழுக்காடு என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். 2018-இல் ஐஸ்லாந்து மக்களை ஆராய்ந்த வேறொரு முறையோ 17 என்றது. (ஆய்வுக்கூடத்தில் இப்படி இரு விடை வந்தால் மாணவரை மீண்டும் அளக்கச் சொல்வேன்!)

ஒருகரு இரட்டையருக்கும் இருகரு இரட்டையருக்கும் சூழல் ஒரே அளவில் ஒத்திருக்கிறது என்று இரட்டையர் முறை கொள்கிறது. எனவே முன்னவரிடம் காணும் கூடுதல் ஒற்றுமை முழுவதும் மரபணுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஒரே நண்பர்கள், ஒரே பெஞ்சு, ஒருவரைப் பார்த்து மற்றவர் படிப்பது, இவையெல்லாம் யாருக்கு அதிகம் வாய்க்கும்? எண்ணிப் பாருங்கள்.

ஐஸ்லாந்து முறை, பெற்றோரின் மரபணுக்களில் எவை பிள்ளைக்கு வந்தன என்ற இயற்கையின் குலுக்கலை ஆதாரமாகக் கொள்கிறது. அந்தக் குலுக்கலில் வீட்டு வசதி தலையிட முடியாது. ஆகவே 17-ஐயே நான் நம்புவேன். பெற்றோர் இருவரின் மரபணுத் தகவலும் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம்.