பஞ்சை உருவிய பெயர்

ஜப்பான் தேசத்தில் அபூர்வமாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் 'வத்தனுக்கி' என்பதன் அழகு அலாதியானது. 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று நான்கு சித்திர எழுத்துக்களால் எழுதிவிட்டு, வாசிக்கும்போதோ 'பஞ்சை உருவுதல்' என்று பொருள்படும் சொல்லையே உச்சரிக்கிறார்கள். தபால்காரர் பாடு சற்றுச் சிரமந்தான்! சந்திரமானப் பழைய பஞ்சாங்கப்படி கோடை பிறக்கும் அந்நாளில், குளிருக்காக அங்கிகளினுள் திணித்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, அவற்றையே இலேசான ஆடைகளாக உடுத்திக்கொள்ளும் சம்பிரதாயம் இருந்தபடியால், எழுத்தில் திதி நிற்க, நாவில் அத்திதியின் வீட்டு வேலை நின்றுவிட்டது. இதே ஒலியைப் பஞ்சைக் குறிக்கும் எழுத்தால் தொடங்கி நேராக எழுதும் குடும்பங்களும் உண்டு. குன்மா மாகாணத்துத் தகசாக்கி நகரில் அப்பெயருடைய ஊர்ப்பகுதியே இருக்கிறது. ஆயினும் அப்படி நேராக எழுதுவதில் விடுகதையின் ரசம் இல்லை.

அந்நாட்டில், 'சிறு பறவைகள் விளையாடுதல்' என்று எழுதி 'தக்கனாஷி', அதாவது 'வல்லூறு இல்லை', என்று படிக்கும் பெயரும் உண்டு. வல்லூறு இல்லாத இடத்தில்தானே குருவிகள் அச்சமின்றி விளையாடும்!